தொட்டியின் அடியில் நிற்கும் நீர்

(பி.எஸ்ஸி. தாவரவியல், இரண்டாம் ஆண்டு மாணவி)

செடி வாடினால் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்பது சிறு குழந்தையும் அறிந்த செய்தி. ஆயினும், தொட்டிகளில் வளர்க்கப்படும் செடிகளுள் நீரின்றி மடிவனவற்றைவிட நீர் மிகுந்து மடிவனவே அதிகம் என்பர் தோட்டக்கலை வல்லுநர். காட்டில் ஆயிரம் செடிகளுக்குத் தண்ணீர் கட்டிப் பழகியவர்கள்கூட ஒரு தொட்டிச் செடியைக் காப்பாற்ற முடியாமல் தவிப்பதை நான் கண்டிருக்கிறேன். இதற்குக் காரணம் அவர்களுடைய அறியாமையன்று. தொட்டி என்பது நிலத்தின் ஒரு சிறு துண்டு என்று நாம் எண்ணுகிறோம். உண்மையில் தொட்டிக்குள் நீர் நடந்துகொள்ளும் முறையே வேறு. அதை எனக்குத் தெரிந்த அளவில் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

எங்கள் ஊராகிய சரவணம்பட்டி கோவையிலிருந்து சத்தியமங்கலம் செல்லும் சாலையில் அமைந்துள்ளது. 2011ஆம் ஆண்டு மாநகராட்சியோடு இணைக்கப்படும்வரை பேரூராட்சியாக இருந்தது. கொங்கு நாட்டில் புன்செய் நிலத்தைக் 'காடு' என்றே சொல்வோம். அப்படிச் சோளக்காடாகவும் பருத்திக்காடாகவும் கிடந்த இடங்களில் இன்று அடுக்குமாடி வீடுகளும் கணிப்பொறி நிறுவனங்களும் எழுந்துள்ளன. காடு போனாலும் செடி வளர்க்கும் ஆசை மக்களை விட்டுப் போகவில்லை. மண்தான் மாடி ஏறிவிட்டது. 2013-14ஆம் ஆண்டில் தமிழக அரசு, 'நீங்களே செய்து பாருங்கள்' என்னும் மாடித்தோட்டத் திட்டத்தைச் சென்னையிலும் கோவையிலும் தொடங்கிப் பைகளும் தென்னை நார்க்கழிவும் விதைகளும் மானிய விலையில் வழங்கியபின் இவ்வாசை மேலும் பரவிற்று.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறியவள் நான் ஒருத்திதான். என் தந்தையார் பிறர் காடுகளில் தண்ணீர் கட்டும் வேலை பார்த்தவர். பாத்தியில் ஈரம் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதைக் காலால் மிதித்தே சொல்லிவிடுவார். அவரிடம் தொட்டிச் செடியைப் பற்றிக் கேட்டபோது, "காட்டுல தண்ணி நின்னா மடைய வெட்டி உடலாம் அம்மிணி, சட்டியில எங்க வெட்டறது?" என்றார். அறிவியல் கேட்கும் கேள்வியும் இதுவேதான்.

நிலத்தில் பெய்த நீர் கீழ்நோக்கி இறங்குகிறது. அதற்குக் கீழே பல அடி ஆழத்திற்கு மண் தொடர்ந்து இருப்பதால், கீழுள்ள காய்ந்த மண் மேலுள்ள நீரை இழுத்துக்கொண்டே இருக்கும். ஆகவே ஓரிரு நாளில் வேர்ப்பகுதியில் காற்றும் ஈரமும் கலந்த நல்ல பதம் வந்துவிடுகிறது. தொட்டியிலோ ஓர் அடிக்குள் மண் முடிந்துவிடுகிறது. மண் முடியும் இடத்தில் இழுப்பாரும் இல்லை. துளை இருக்கிறதே என்று கேட்கலாம். துளை, நீர் வெளியேறுவதற்கு வழி விடுமேயன்றி, அதை வெளியே இழுக்காது. இழுப்பதற்குப் புவியீர்ப்பு ஒன்றே உண்டு. அதை எதிர்த்து நிற்பது மண்ணின் நுண்புழை ஈர்ப்பு.

நுண்புழைக் குழாயில் நீர் தானே மேலேறும் என்பதை இயற்பியல் வகுப்பில் அனைவரும் படித்திருக்கிறோம். குழாயின் ஆரம் ஒரு மில்லிமீட்டர் என்றால் நீர் ஏறக்குறைய ஒன்றரைச் சென்டிமீட்டர் ஏறும். ஆரம் அதில் பத்தில் ஒரு பங்கானால் ஏற்றம் பத்து மடங்காகிப் பதினைந்து சென்டிமீட்டர் ஆகிவிடும். மண் துகள்களுக்கு இடையிலுள்ள சந்துகளும் இத்தகைய குழாய்களே. எனவே எவ்வளவு நேரம் வடியவிட்டாலும் தொட்டியின் அடியில் ஒரு குறிப்பிட்ட உயரத்திற்கு நீர் தங்கியே தீரும். நார்க்கழிவும் மணலும் கலந்த பொலபொலப்பான கலவையில் அவ்வுயரம் இரண்டு மூன்று விரற்கடை இருக்கலாம். கரிசல் மண்ணை அப்படியே அள்ளிப் போட்டால், சிறிய தொட்டி முழுவதுமே சேறாக நின்றுவிடும்.

இதை நம்புவதற்கு ஆய்வுக்கூடம் தேவையில்லை. துவைத்த சேலையைக் கொடியில் போட்டுப் பாருங்கள். மேற்பகுதி உலர்ந்த பின்னும் தரைப்பக்கத்து விளிம்பு நெடுநேரம் சொட்டச் சொட்ட நிற்கும். விளிம்பிற்குக் கீழே வெறும் காற்றுதான் இருக்கிறது. எனினும் நீர் எளிதில் விழுவதில்லை. அதே சேலையை மடித்துக் கட்டைச் சுவரில் கிடத்தினால் சொட்டுவதே குறைந்து, துணி முழுவதும் ஈரமாகவே கிடக்கும். உயரமாகத் தொங்கும் துணி நன்றாக வடிகிறது, தட்டையாகக் கிடக்கும் துணி வடிவதில்லை. தொட்டிக்கும் இதே விதிதான். ஒரே அளவு மண் பிடிக்கும் இரண்டு தொட்டிகளுள், உயரமானதில் வேருக்குக் காற்றுள்ள பகுதி மிகுதி. அகலமாகவும் தட்டையாகவும் உள்ளதில் பெரும்பகுதி ஈரத்திலேயே ஊறிக் கிடக்கும். கடையில் தொட்டி வாங்குவோர் அழகைப் பார்க்கும்போது இதையும் சிறிது எண்ணிப் பார்க்கலாம்.

ஜல்லி போடுவது நல்லதா?

தொட்டியின் அடியில் ஜல்லிக் கல்லோ ஓட்டுச் சில்லோ ஒரு சாண் நிரப்பிவிட்டால் தண்ணீர் நன்றாக வடியும் என்பது ஊரெங்கும் நிலவும் நம்பிக்கை. நாற்றுப்பண்ணைகளிலும் இதையே சொல்கிறார்கள். கேட்பதற்கு நியாயமாகத்தான் தோன்றுகிறது. கல்லுக்கிடையே பெரிய சந்துகள் உள்ளனவே, நீர் ஓடிவிடாதா?

ஓடாது. கல்லின் பெரிய சந்துகளுக்கு நீரை இழுக்கும் வலுவில்லை. அவற்றின் மேலுள்ள மண்ணின் நுண்புழைகளோ நீரை விடாமல் பற்றிக்கொண்டிருக்கின்றன. மண்ணின் அடிப்பகுதி முற்றிலும் நிறைந்து, இனித் தாங்க இயலாது என்ற நிலை வந்த பிறகே முதல் துளி கல்லுக்குள் விழுகிறது. அதாவது, தொட்டியின் அடியில் நிற்க வேண்டிய சேற்றுப்பகுதி கல்லின் மேல் ஏறி நிற்கிறது. வேரை நோக்கி நாமே அதைத் தூக்கிக் கொடுக்கிறோம்.

வீட்டில் இதைச் சோதித்துப் பார்த்தேன். இரண்டு லிட்டர் குளிர்பானப் புட்டிகள் மூன்றை எடுத்துக் கழுத்தை வெட்டிவிட்டு, அடியில் ஒரே அளவு துளையிட்டேன். முதல் புட்டியில் செம்மண்ணும் மணலும் நார்க்கழிவும் சமமாகக் கலந்த கலவையை இருபது சென்டிமீட்டர் உயரம் நிரப்பினேன். இரண்டாவதில் அடியில் ஐந்து சென்டிமீட்டர் ஜல்லி, அதன்மேல் பதினைந்து சென்டிமீட்டர் அதே கலவை. மூன்றாவது புட்டியும் முதலாவதைப் போன்றதே. ஆனால் மண்ணெண்ணெய் அடுப்புத் திரி ஒன்றை நனைத்து, அதன் ஒரு முனை மண்ணுக்குள்ளும் மறுமுனை துளை வழியாக அரையடி கீழே தொங்குமாறும் விட்டேன். மூன்றையும் வாளி நீரில் முழுக்க ஊறவைத்து, எடுத்து, செங்கற்களின் மேல் இரவு முழுவதும் வடியவிட்டேன்.

காலையில் புட்டியின் பக்கவாட்டில் பார்க்க, கறுத்து மினுமினுத்த ஈரப்பட்டை தெளிவாகத் தெரிந்தது. முதல் புட்டியில் அடியிலிருந்து ஏறத்தாழ ஐந்து சென்டிமீட்டர். இரண்டாவதிலும் அதே ஐந்து சென்டிமீட்டர்தான், ஆனால் ஜல்லிக்கு மேலே! ஜல்லியில் ஈரம் படிந்திருந்ததே தவிர நீர் நிற்கவில்லை. ஆகவே முதல் புட்டியில் வேர் மூச்சுவிடப் பதினைந்து சென்டிமீட்டர் கிடைத்தது, இரண்டாவதில் பத்துத்தான். மூன்றாவது புட்டியின் திரி விடியும்வரை சொட்டியிருந்தது. அதில் ஈரப்பட்டை ஒரு விரற்கடையாகச் சுருங்கிவிட்டது. சேலையின் விளிம்பில் ஒரு துண்டுத்துணியை முடிந்து தொங்கவிட்டால் நீர் அதன் வழியே இறங்கிவிடும் அல்லவா? திரி செய்வது அதே வேலைதான். தொட்டி உயரமாகிவிட்டதாக நீரை அது ஏமாற்றுகிறது எனலாம்.

மண் கொட்டிவிடாமல் இருக்கத் துளையின் மேல் ஒரே ஒரு வளைந்த ஓட்டுச் சில்லையோ கொசுவலைத் துண்டையோ வைப்பதில் குற்றமில்லை. கல் அடுக்குதான் வேண்டாதது.

நீருக்குள் தாகம்

வேருக்குக் காற்று எதற்கு என்று சிலர் வியப்பர். இலைதானே சுவாசிக்கிறது என்ற எண்ணம் பலருக்கும் உண்டு. வேரின் ஒவ்வொரு செல்லும் சுவாசிக்கிறது; அச்சுவாசத்தில் கிடைக்கும் ஆற்றலைக் கொண்டே மண்ணிலுள்ள உப்புகளை உள்ளிழுக்கிறது. மண்ணின் சந்துகளில் காற்று இருக்குமாயின் பிராணவாயு எளிதாகப் பரவி வேரை அடையும். அச்சந்துகளில் நீர் நிறைந்துவிட்டால், பிராணவாயு பரவும் வேகம் காற்றில் இருப்பதைப்போல் ஏறக்குறைய பத்தாயிரத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. சில நாட்களில் வேர்த்தூவிகள் மடிகின்றன. பித்தியம், பைட்டாப்தொரா முதலிய நுண்ணுயிர்களுக்கு இதுவே நல்ல காலம். அவற்றின் இயங்குவித்துகள் நீரில் நீந்திச் சென்று வேரைப் பற்றுவன. நீர் நின்றால்தான் அவற்றுக்குப் பாதை.

வேர் அழுகிய செடி நீரை உறிஞ்ச முடியாது. உறிஞ்ச முடியாத செடியின் இலை வாடும். சுற்றிலும் நீர் இருக்க, தாகத்தால் வாடும் நிலை இது. பார்ப்பவருக்கோ, தண்ணீர் போதாமல் வாடிய செடிக்கும் இதற்கும் வேற்றுமை தெரிவதில்லை. மேலும் ஊற்றுகிறார்கள்.

இவ்வேற்றுமை தெரியாமற் போனதால் எங்கள் வீட்டில் நேர்ந்த இழப்பு ஒன்றைச் சொல்ல வேண்டும். என் அன்னையார் எங்கள் ஊரிலுள்ள ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் துப்புரவு வேலையோடு செடிகளுக்குத் தண்ணீர் விடும் வேலையும் பார்க்கிறார். முகப்புக் கூடத்தில் அரேகா பனையும் குரோட்டன்சுமாக முப்பத்திரண்டு தொட்டிகள். பளபளக்கும் வெளித்தொட்டி ஒன்றுக்குள் செடியுள்ள பிளாஸ்டிக் தொட்டியை இறக்கி வைத்திருப்பார்கள். தரை நனையக் கூடாது என்பதற்காக வெளித்தொட்டிக்குத் துளை கிடையாது. சென்ற ஆண்டு கார்த்திகை மாதம் செடிகள் ஒவ்வொன்றாக வாடத் தொடங்கின. "ஏம்மா, ஒழுங்கா தண்ணி ஊத்தறதில்லயா?" என்று மேற்பார்வையாளர் கேட்டிருக்கிறார். "தெனமும் ஊத்திட்டுத்தானுங்க இருக்கறேன்" என்று அன்னையார் சொன்னது எடுபடவில்லை. இரு வேளையும் ஊற்றுமாறு உத்தரவாயிற்று. பத்து நாட்களில் ஒன்பது செடிகள் பட்டுப்போயின. அம்மாதச் சம்பளத்தில் எண்ணூறு ரூபாய் பிடித்துக்கொண்டார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானும் உடன் சென்றேன். உள்தொட்டியைத் தூக்கியபோது வெளித்தொட்டியில் நான்கு விரற்கடைத் தண்ணீர் நின்றது. சாக்கடை நாற்றம். செடியைக் கவிழ்த்து எடுத்தால், வெள்ளையாக இருக்க வேண்டிய வேர்கள் காப்பி நிறத்தில் குழைந்து, இழுத்ததும் தோல் உரிந்து நார் மட்டும் கையில் வந்தது. மேற்பார்வையாளரை அழைத்துக் காட்டினோம். அவர் நெடுநேரம் பார்த்துவிட்டு, "தண்ணி ஊத்துனதாலயா செத்துச்சு?" என்று மறுபடி மறுபடி கேட்டார். மீதமிருந்த இருபத்து மூன்று தொட்டிகளின் நீரையும் அன்றே இறைத்தோம். மிகவும் மோசமாக இருந்த ஆறு செடிகளின் அழுகிய வேரை நறுக்கிப் புதிய கலவையில் நட்டோம். வெளித்தொட்டிக்குள் செங்கல் துண்டுகளை வைத்து, அதன்மேல் உள்தொட்டியை நிறுத்தினோம். தை மாதத்தில் அந்த ஆறில் நான்கு துளிர்த்தன. பிடித்த பணம் திரும்பி வரவில்லை. ஆனால் எந்தத் தொட்டிக்கு எப்போது ஊற்றுவது என்பதை இப்போது அன்னையாரே முடிவு செய்கிறார். ஒவ்வொரு தொட்டியையும் ஒரு பக்கம் சாய்த்துத் தூக்கிப் பார்ப்பார். "இது கனமா இருக்குது அம்மிணி, நாளைக்குப் பாத்துக்கலாம்" என்பார்.

இலை வாடித் தொட்டி இலேசாக இருந்தால் தாகம். இலை வாடித் தொட்டி கனமாக இருந்தால் வேர் மூழ்கிக் கிடக்கிறது. நண்பகலில் மட்டும் துவண்டு மாலையில் நிமிர்ந்துவிடும் செடிக்கு இரண்டுமே இல்லை. வெயிலின் கடுமைக்கு அது தற்காலிகமாகத் தளர்ந்ததுதான்.

தூக்கிப் பார்க்கும் இம்முறை பழமையானது. ஸ்டீபன் ஹேல்ஸ் என்னும் ஆங்கில அறிஞர், தொட்டியில் வளர்ந்த சூரியகாந்திச் செடி ஒன்றின் மண்பரப்பை ஈயத்தகட்டால் மூடி, காலையும் மாலையும் தொட்டியோடு நிறுத்துப் பார்த்தார். பன்னிரண்டு மணி நேரப் பகலில் சராசரி 20 அவுன்ஸ், அதாவது அரை லிட்டருக்குச் சற்று மேல், இலைகளின் வழியே நீராவியாகப் போயிற்று எனக் கண்டார். 1727இல் வெளிவந்த அவரது நூலே தாவர உடலியலுக்கு அடிப்படையிட்டது என்று வகுப்பில் படிக்கிறோம். அவர் தராசில் பார்த்ததைத்தான் என் அன்னையார் கையில் பார்க்கிறார்.

ஊற்றும் முறை

தொட்டிக்குத் தினமும் ஒரு குவளை என்று கணக்கு வைப்பது பொருந்தாது. விரலை இரண்டு கணு ஆழம் மண்ணில் விட்டுப் பார்த்து, அங்கும் காய்ந்திருந்தால் ஊற்ற வேண்டும். ஊற்றும்போது பூவாளியால் மெதுவாக, மண் முழுவதும் நனைந்து அடித்துளை வழியே நீர் வெளிவரும் வரை ஊற்ற வேண்டும். நாள்தோறும் சிறிது சிறிதாகத் தெளித்தால் மேல்மண் மட்டும் நனைந்து, வேர் மேலேயே சுற்றிக்கொண்டிருக்கும். ஊற்றியதில் பத்தில் ஒரு பங்காவது வெளியே வடிவது நல்லது. குறிப்பாக எங்கள் பகுதியில், போர் தண்ணீரை ஊற்றுவோருக்கு இது இன்றியமையாதது. அந்த உப்புத் தண்ணீரில் நீர் ஆவியாகிப் போக, உப்பு மண்ணிலேயே தங்கிவிடும். மண்தொட்டியின் வெளிப்புறத்தில் வெள்ளை பூத்திருப்பதும், இலை நுனி கருகுவதும் அதன் அடையாளங்கள். மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரை நிறைய ஊற்றி வடியவிட்டால் உப்பு கழுவப்பட்டுவிடும்.

துளையில் நீர் வந்துவிட்டது, ஆகவே மண் நனைந்துவிட்டது என்று உடனே நம்பிவிடவும் கூடாது. முற்றிலும் காய்ந்த மண் சுருங்கித் தொட்டிச் சுவரைவிட்டு விலகிவிடும். ஊற்றிய நீர் அவ்விடைவெளி வழியே ஓடிப்போகும். வேர்க்கட்டியோ உலர்ந்தே இருக்கும். நார்க்கழிவும் நன்றாகக் காய்ந்துவிட்டால் நீரை ஏற்க மறுக்கும். அப்போது தொட்டியை வாளி நீரில் அரைமணி நேரம் அமிழ்த்தி எடுப்பதே வழி.

நார்க்கழிவு என்றதும் பொள்ளாச்சி நினைவுக்கு வரும். கயிற்று ஆலைகளின் அருகில் ஒரு காலத்தில் மலைமலையாய்க் கிடந்த இக்குப்பை இன்று விலைபோகும் சரக்கு. தன் எடையைப்போல் ஐந்தாறு மடங்கு நீரைப் பிடித்துக்கொள்ளும் இயல்புடையது. ஆகவேதான் தொட்டி முழுவதும் அதையே நிரப்புவது, அதிலும் மழைக்காலத்தில், அத்தனை நல்லதன்று. அதிலுள்ள உப்பையும் அலசிப் போக்க வேண்டும். சிப்பிக்காளான் வித்தும் யூரியாவும் சேர்த்து மட்கவைத்தபின் பயன்படுத்துமாறு நம் கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் கூறுகிறது.

தொட்டி எதனால் ஆனது என்பதும் கணக்கில் வரும். சுட்ட மண்தொட்டியின் சுவர் வழியே ஈரம் கசிந்து ஆவியாகும். குடத்து நீர் குளிர்வதும் இதனால்தான். ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியே காற்று வீசி அடிக்கும்போது, கோவைப் பகுதியில் மேகம் சூழ்ந்திருந்தாலும் மண்தொட்டி ஒரே நாளில் காய்ந்துவிடுகிறது. வெயில் இல்லையே என்று அப்போது சும்மா இருந்துவிடக் கூடாது. பிளாஸ்டிக் தொட்டிக்கு அதே காற்றில் இரண்டு மூன்று நாட்கள் தாங்கும்.

தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டைப் பற்றியும் ஒரு சொல். தரை கறைபடாமல் இருக்க அது தேவைதான். ஆனால் அதில் நிற்கும் நீரைச் செடி மறுபடி உறிஞ்சி அடிமண்ணைச் சேறாக்கும். அன்றியும், டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு இப்படிப்பட்ட தெளிந்த சிறு நீர்நிலைகளிலேயே முட்டையிடுகிறது. முட்டை கொசுவாவதற்கு எட்டுப் பத்து நாட்கள் போதும். நீர் விட்ட அரைமணி நேரத்தில் தட்டைக் கவிழ்த்துவிட வேண்டும். வாரம் ஒருமுறை தேய்த்தும் கழுவ வேண்டும், ஏனெனில் முட்டைகள் தட்டின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு உலர்ந்த பின்னும் உயிரோடு இருக்கும்.

ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை வருகிறது. கோவைக்கு ஆண்டில் மிகுதியான மழை கிடைப்பது அப்போதுதான். மொட்டைமாடித் தொட்டிகளைப் புரட்டாசிக்குள்ளேயே செங்கற்களின் மேல் ஏற்றி வைத்துவிட வேண்டும். தளத்தோடு ஒட்டியிருக்கும் துளை, துளை இல்லாததற்குச் சமம். அடைமழை பிடித்துக்கொண்டால் தொட்டியை ஒருபுறமாகச் சாய்த்து வைக்கலாம். சாய்த்த தொட்டியில் ஈரப்பட்டை ஒரு மூலைக்கு ஒதுங்கி, வேரின் பெரும்பகுதி தப்பிவிடுகிறது. இடமுள்ளவர்கள் தொட்டியை வெறும் மண்தரையில் இறக்கி வைத்தால் இன்னும் நல்லது. துளையின் வழியே தரைமண் தொட்டிமண்ணைத் தொட்டுக்கொண்டிருக்கும். என் தந்தையார் கேட்ட மடை அங்கே கிடைத்துவிடுகிறது. சில காலத்திற்குப் பின் வேர் துளையில் வளர்ந்து அடைத்துக்கொள்வதுண்டு. அதைக் குத்திவிட ஒரு பழைய குடைக்கம்பி போதும்.